பூட்டன் படித்த பள்ளி: முதலில் எங்கே தேடுவது?

குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும். "பூட்டன் பாளையங்கோட்டையில படிச்சவராம்." "ஆச்சி நாசரேத் போர்டிங்குல இருந்தாளாம்." அதற்கு மேல் சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போவதா, ஊர்த் திருச்சபையில் கேட்பதா, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுவதா, இல்லை மிஷனரிகளின் கடிதங்கள் போய்ச் சேர்ந்திருக்கும் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்பதா? நாலு வழியும் செலவு பிடிக்கும். நாலையும் செய்ய எல்லாருக்கும் லீவும் கிடையாது, பணமும் கிடையாது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களை மனதில் வைத்து, சுமார் 1880 முதல் 1940 வரை மிஷன் பள்ளியிலோ ஜில்லா போர்டு (அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) பள்ளியிலோ படித்தவர்களைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்த வருஷம் ஓரளவு தெரியும் என்றால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டும். தெரியாவிட்டால் வருஷத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. லண்டனும் எழும்பூரும் அதற்கு அப்புறம்.

ஏன் பள்ளி என்றால், மற்ற இடங்களில் பெயர் வர ஒருவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். சபையில் உபதேசியாராக (ஊர்ச் சபையைக் கவனித்த மிஷன் ஊழியராக) இருந்திருக்க வேண்டும், நிலம் வாங்கியிருக்க வேண்டும், வழக்குப் போட்டிருக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அப்படி இல்லை. மூன்று மாதம் வந்துவிட்டு நின்றுபோன பையனுக்கும் ஒரு வரி உண்டு. இதற்குக் காரணம் பணம். 1854-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைக்குப் பிறகு மிஷன் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அரசு உதவி மானியம் வரத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் பார்ப்பார். பதிவேடு ஒழுங்காக இல்லாவிட்டால் மானியத்துக்கு ஆபத்து. அதனால்தான் கட்டடம் ஒழுகினாலும் ரிஜிஸ்டர் மட்டும் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டது.

அந்த ரிஜிஸ்டரில் ஒரு வரியில் என்னவெல்லாம் இருக்கும் என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். சேர்க்கை எண், சேர்ந்த தேதி, பெயர், தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர், அவர் தொழில், ஊர், மதம், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, அதற்கு முன் படித்த பள்ளி, விலகிய தேதி, விலகிய காரணம், டி.சி. எண். எல்லாப் பள்ளியிலும் எல்லாக் கட்டமும் நிரப்பப்பட்டிருக்காது. ஆனால் பாதி நிரம்பியிருந்தாலே போதும், ஒரு குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும். "முன் படித்த பள்ளி" என்ற கட்டம் உங்களை அடுத்த ரிஜிஸ்டருக்கு அனுப்பும். பாளையங்கோட்டை உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த ஒரு பெயரிலிருந்து, வீட்டில் யாருமே கேள்விப்படாத ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளிக்குப் போய்ச் சேரலாம். பூர்விக ஊர் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு முந்தைய ஊர் அப்படித்தான் தெரியவரும்.

என் பூட்டனுடைய வரியில் காப்பாளர் கட்டத்தில் அவருடைய தாய்மாமன் பெயர் இருந்தது. தகப்பனார் பெயர் வர வேண்டிய இடத்தில் மாமன் பெயர். வீட்டில் சொல்லப்பட்ட கதையில் பூட்டனின் தகப்பனார் வயதாகி இறந்தவர். அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் ஊர்ச் சபையின் அடக்கப் பதிவேட்டைச் சரியான வருஷங்களில் தேட முடிந்தது. பையன் பள்ளியில் சேர்வதற்கு முன்பே அவர் காலமாகியிருந்தார். தாய்மாமன் வீட்டோடு எங்கள் குடும்பத்துக்கு இன்றுவரை இருக்கும் ஒட்டுறவுக்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதனால் காப்பாளர் கட்டத்தை யாரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்வேன். சித்தப்பா பெயர் இருக்கலாம், பாட்டி பெயர் இருக்கலாம், போர்டிங் பிள்ளையாக இருந்தால் மிஷனரி அம்மாவின் பெயரே இருக்கலாம்.

இரண்டு கட்டங்களை மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். ஒன்று பிறந்த தேதி. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்று எதுவும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். மே, ஜூன், ஜூலை தேதிகளைப் பார்த்தால் அதை நம்பி ஜாதகம் எழுத உட்கார வேண்டாம். வருஷத்தையும் ஒன்றிரண்டு கூடக் குறைய வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சாதிக் கட்டம். சமூகங்களின் பெயர்கள் அரசுப் பதிவுகளில் மாறியிருக்கின்றன. 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நாடார் என்ற பெயரை அரசு ஏற்றது. 1922-இல்தான் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரைச் சென்னை மாகாண அரசு ஏற்றது. ஆகவே ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் பத்து வருஷ இடைவெளியில் வெவ்வேறு பெயரின் கீழ் வரலாம். அதைப் பார்த்து வேறு குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பழைய சொற்கள் சில படிக்கவே வலிக்கும். அவற்றை மாற்றப் போராடியவர்களின் பிள்ளைகள்தான் அடுத்த பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி பள்ளி வழியின் சிரமங்கள். ரிஜிஸ்டர் பெயர் வரிசையில் இருக்காது, சேர்ந்த தேதி வரிசையில் இருக்கும். வருஷம் தெரியாமல் போனால் ஆயிரக்கணக்கான வரிகளைப் புரட்ட வேண்டும். எந்த அலுவலகமும் அதற்கு விடாது. விடவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு புரட்டலிலும் அந்தத் தாள் உதிர்கிறது. உயர்நிலைப் பள்ளிகள் பழைய ரிஜிஸ்டர்களைக் காப்பாற்றிய அளவுக்குச் சின்னக் கிராமத்து ஆரம்பப் பள்ளிகள் காப்பாற்றவில்லை. கரையான், ஓடு உடைந்து மழை, பள்ளி மூடல் என்று பல வழிகளில் போய்விட்டன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்தவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடே இருந்திருக்காது. அவர்களைப் பத்திரங்களிலும் கோயில் கணக்குகளிலும்தான் தேட வேண்டும்.

அப்புறம் அனுமதி. பள்ளிப் பதிவேட்டுக்குத் தலைமை ஆசிரியர்தான் பொறுப்பு. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி போய் நின்று "பழைய ரிஜிஸ்டரைக் காட்டுங்கள்" என்றால் அவர் தயங்குவது நியாயம். அதில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களும், மற்றக் குடும்பங்களின் விவரங்களும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். நீங்கள் தேடும் முன்னோருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, தகப்பனார் பெயர் என்ன என்று ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். உங்கள் வரியை மட்டும் அலுவலக உதவியாளரே எடுத்துக் காட்டினால் போதும் என்று எழுதுங்கள். ஜூன் மாதம் சேர்க்கை நேரம், மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு நேரம், அப்போது போக வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் வழியும் இருக்கிறது. ஆனால் அதை முதல் அடியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். மனுவுக்குக் கிடைப்பது ஒரு பதில், நேரில் மரியாதையாகப் போனால் கிடைப்பது பள்ளியின் மூத்த எழுத்தரின் உதவி. எந்த ரிஜிஸ்டர் எந்த பீரோவில் என்று அவருக்குத்தான் தெரியும்.

வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் தொடங்குங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் பள்ளியின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், "வலது முழங்காலில் மச்சம்" என்பது போன்ற அங்க அடையாளம்கூட இருக்கும். படம் ஒன்றுகூட இல்லாத ஒரு மனிதரைப் பற்றி அந்த மச்சம் ஒன்றாவது தெரிகிறதே என்று நெகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.சி. கிடைத்தால் சேர்க்கை எண்ணே கையில் இருக்கும். பென்ஷன் காகிதங்களிலும் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பள்ளியின் பெயர் வந்திருக்கலாம். பட்டம் வாங்கியவராக இருந்தால் இன்னும் எளிது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட காலண்டர் என்ற கையேடுகளில் பட்டதாரிகளின் பெயர், ஆண்டு, கல்லூரி மூன்றும் வரும். 19-ஆம் நூற்றாண்டுக் காலண்டர்கள் சில இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேட வேண்டும், அவ்வளவுதான்.

வருஷமும் தெரியவில்லை, குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பள்ளிக்கு முன் திருச்சபைக்குப் போவது மேல். திருநெல்வேலிப் பக்கத்தில் சேகரக் குருவானவரிடம் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனிப் பதிவேடுகள் இருக்கும். பள்ளி ரிஜிஸ்டர் ஒரு பிள்ளையைத் தனியாகக் காட்டும். சபைப் பதிவேடோ தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டையே காட்டும். முக்கியமாகப் பெண்களை. பள்ளி ரிஜிஸ்டரில் தாயின் பெயருக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் இடமே கிடையாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் வரும். ஒரு தலைமுறைப் பெண்களின் பெயரை மீட்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். பழைய பதிவேடுகள் லத்தீனில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். பெயரும் தேதியும் உறவுச் சொற்களும்தான், ஐந்தாறு சொற்களைத் தெரிந்துகொண்டால் படித்துவிடலாம்.

ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. உயர்நிலை வகுப்புகளில் இந்து மாணவர்கள் ஏராளம், முஸ்லிம் மாணவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்குச் சபை வழி அடைபட்டது. அவர்களுக்குப் பள்ளி ரிஜிஸ்டர்தான் ஒரே சாட்சி.

வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களைப் பற்றி ஆசையும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். அங்கே இருப்பது மிஷனரி தன் தலைமை அலுவலகத்துக்கு எழுதியது. எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், கூரைக்கு எவ்வளவு செலவு, எந்த உபதேசியார் நல்லவர், எந்த வாத்தியாரோடு சண்டை என்பதெல்லாம் இருக்கும். நாலாம் வகுப்புப் பையனின் பெயர் இருக்காது. ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: உங்கள் முன்னோர் சம்பளம் வாங்கியவரா, படிக்க மட்டும் செய்தவரா? உபதேசியார், வாத்தியார், வேதாகமப் பெண் (வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்தவர்), போர்டிங் மேட்ரன், பயிற்சி பெற்ற நர்ஸ் என்றால் வெளிநாட்டுத் தேடலுக்குச் செலவு செய்யலாம். மாணவர் மட்டும் என்றால் அந்தப் பணத்தை இங்கேயே செலவிடுங்கள். விதிவிலக்கு, வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் தனியாகப் பணம் கட்டிப் படிக்கவைத்த போர்டிங் பிள்ளைகள். அவர்களைப் பற்றி நன்கொடையாளருக்கு எழுதிய குறிப்பு ஒன்று அகப்பட வாய்ப்பு உண்டு.

செலவு செய்வது என்று முடிவெடுத்தால், எங்கே எழுத வேண்டும் என்பதை ஊர்ப் பெயரே சொல்லிவிடும். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன். அதன் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நாசரேத், முதலூர், சாயர்புரம், கால்டுவெல் ஐயர் வாழ்ந்த இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. (சுவிசேஷத்தைப் பரப்பும் ஆங்கிலச் சங்கம்) மிஷன். அது ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில். நாகர்கோவில், நெய்யூர் பக்கம் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி), அது லண்டனில் உள்ள சோவாஸ் கல்லூரியின் நூலகத்தில். மதுரையும் யாழ்ப்பாணமும் அமெரிக்கன் மிஷன், அது ஹார்வர்டில். இயேசு சபையாரின் மதுரை மாகாண ஆவணங்களுக்குக் கடல் தாண்ட வேண்டாம், கொடைக்கானல் செண்பகனூரிலேயே இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களே வேறு வேறு மிஷனில் இருந்தன என்பதால் கிராமத்தின் பெயரைச் சரியாக உறுதி செய்யாமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னதால் ஒன்று சொல்லியாக வேண்டும். வட்டுக்கோட்டை செமினரி 1823-இல் தொடங்கி 1855-இல் மூடப்பட்டது. உடுவில் பெண்கள் பள்ளி 1824-இல் தொடங்கியது. இந்த அமெரிக்கன் மிஷன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரே வைக்கப்பட்டது. உதயதாரகை பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்ற பெயராலும் அறியப்பட்டவர். ஆகவே யாழ்ப்பாணத்து முன்னோர் ஒருவரை வீட்டுப் பெயரில் மட்டும் தேடினால் அகப்படாமல் போகலாம். இவர்களுக்கு நான் சொன்ன வரிசை தலைகீழாகும். போரும் இடப்பெயர்வும் பள்ளிகளின் காகிதங்களை அழித்தன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. இருக்கிற ரிஜிஸ்டர் எது, போனது எது என்று விசாரிப்பதற்கு முன்பே, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத் தொகுப்பில் உள்ள பள்ளி மலர்களையும், மிஷனின் அச்சிட்ட அறிக்கைகளையும் பார்த்துவிடுவது நல்லது.

எழும்பூர் ஆவணக் காப்பகம் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் ஒரு மாணவனின் பெயரைத் தேடிப் போகிறவருக்கு அதை நான் கடைசியில்தான் வைப்பேன். அங்கே கோப்புகள் துறை, அரசாணை எண், தேதி என்ற வரிசையில் கிடைக்கும், பெயர் வரிசையில் அல்ல. பொதுக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளில் பள்ளிகளின் எண்ணிக்கையும் மானியத்தின் கணக்கும் இருக்கும், பிள்ளைகளின் பெயர் இருக்காது. ஜில்லா போர்டு வாத்தியாராக வேலை பார்த்தவர், பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், பள்ளியைத் தொடங்க அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவர் என்றால் மட்டும் போகலாம். அரசிதழில் பெயர் வந்திருக்கும் என்று நினைக்க ஏதாவது காரணம் இருந்தாலும் போகலாம்.

கன்னியாகுமரிக்காரர்களுக்கு எழும்பூர் இன்னும் தூரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தவை. செங்கோட்டைப் பக்கமும் அப்படியே. அந்தக் காலத்து அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில்தான் கேட்க வேண்டும். தேதிகள் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கும். 824-ஐக் கூட்டினால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கும், 825-ஐக் கூட்டினால் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரைக்கும் ஆங்கில ஆண்டு வரும். 1085 மாசி என்றிருந்தால் அது 1910-இன் தொடக்கம். நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ரிஜிஸ்டரைப் பார்க்கப் போகிறவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நூற்றாண்டு மலர்களைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. தலைமை ஆசிரியர்கள், நன்கொடையாளர்கள், பிரபலமான பழைய மாணவர்கள், இவர்களோடு மலர் முடிந்துவிடும். சேர்ந்த வருஷம், பள்ளி தொடங்கிய வருஷம் எல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டதாக இருக்கும். ஆனால் குழுப் புகைப்படங்களை விட வேண்டாம். "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று கீழே பெயரோடு இருக்கும் படத்தில் பூட்டன் முகம் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஒரு குடும்பத்துக்கு வைத்துப் பார்த்தால் இப்படி வரும். பூட்டன் இந்து, டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1910 வாக்கில் படித்தவர் என்றால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பிறகு பள்ளி, அதோடு நிறுத்தலாம். ஆச்சி போர்டிங்கில் படித்த கிறிஸ்தவப் பெண் என்றால் முதலில் சேகரத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், பிறகு பள்ளி. அவள் பிற்பாடு டீச்சராகவும் இருந்தாள் என்றால் அதற்குப் பிறகு மிஷனின் ஆவணங்கள். தாத்தா கிராமத்து வாத்தியார் என்றால் பள்ளிக்குப் போவதற்கு முன்பே மிஷனின் அச்சிட்ட ஆண்டறிக்கைகளை இணையத்தில் பார்ப்பது லாபம், ஏனென்றால் எந்த வருஷம் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்பது தெரிந்துவிட்டால் அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்திருப்பார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பள்ளியில் உங்கள் வரி கிடைத்தால் அந்த வரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அனுமதி கேட்டு, ரிஜிஸ்டரின் அட்டை, கட்டங்களின் தலைப்பு வரும் பக்க மேல்பகுதி, உங்கள் வரி மூன்றையும் எடுங்கள். மற்றக் குடும்பங்களின் வரிகளை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிடுங்கள். பிளாஷ் போட வேண்டாம். விரல் ஈரமில்லாமல் பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துப் புரட்டுங்கள். முதுகு பிரிந்து கிடந்தால், அதை நல்ல பைண்டரிடம் கொடுத்துக் கட்ட ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். செலோடேப் மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளாகிப் பெயரோடு சேர்த்துத் தாளையும் தின்றுவிடும்.